அம்மா தன்னுடையதென்று சொன்ன சீலை

பனங்காய் போட்டுத் தோய்த்த உடுப்பு வெயிலில் காயும்போது ஒரு மணம் எழும்பும். பழத்தின் இனிப்பும் ஈரத் துணியின் புளிப்பும் கலந்த அந்த மணம், உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் மத்தியானம்வரை கழுத்தடியிலேயே நிற்கும். தடையால் ‘சவுக்காரம்’ என்கிற சோப்பு வன்னிக்குள் வராத காலம் அது. எப்படியோ வந்து சேர்ந்த ஒன்றிரண்டு கட்டியும் எங்களைப் போன்ற வயல் செய்யும் கமக்காரர் வீட்டுக்கு எட்டாத விலையில் இருந்தது. ஆவணி பிறந்து பனங்காய் விழத் தொடங்கினால், அதைத் தண்ணீரில் பிசைந்து களியெடுத்து, அந்தக் களியில்தான் வீட்டு உடுப்பு முழுவதையும் தோய்த்துக் கொடியில் போடுவோம். வெள்ளையெல்லாம் மண் நிறமாகிவிடும் என்பது ஒரு பக்கம் இருக்க, அந்த இனிப்பு மணத்துக்கு மாடுகள் வந்துவிடுவதுதான் பெரிய கரைச்சல். சேட்டின் கையையோ பாவாடையின் விளிம்பையோ வாய்க்குள் இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு சப்பிக்கொண்டு நிற்கும். சப்பிய இடம் பிறகு உடுப்பாகாது. ஆகவே கொடிக்கு ஒரு காவல் வேண்டும். முத்தையன்கட்டு என்ற ஊரில் எங்கள் வீட்டு வளவில் அந்தக் காவல் என்னுடையது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பெரிய பிள்ளையாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சைக்கிள் ஓடக்கூடாது, முழங்காலுக்கு மேலே நிற்கிற சட்டை போடக்கூடாது, குளத்துக்கட்டுப் பக்கம் தனியே போகக்கூடாது என்று அம்மா போட்ட சட்டங்களுக்குள் எனக்கு மிஞ்சிய வெளியுலகம் அந்தக் கொடிதான். கொடிக்கும் சட்டங்கள் இருந்தன. ஆம்பிளைகளின் சேட்டும் சாரமும் முன்னால், வேலிப் படலையிலிருந்து தெரியும்படி. பெண்களின் உடுப்பு பின்கொடியில். உள்ளுடுப்பென்றால் அதற்கு மேலே இன்னொரு துணியைப் போட்டு மூடி. இவற்றோடு, குண்டு போட வருகிற பொம்மர் விமானம் கொண்டுவந்த சட்டம் ஒன்றும் சேர்ந்திருந்தது. வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று எடுப்பாகத் தெரிகிற எதையும் வெட்டவெளியில் காயப்போடக்கூடாது. மேலே போகிறவனுக்கு அது அடையாளமாகிவிடும். இரைச்சல் கேட்டால் முதலில் நிறத் துணியை இழுத்தெடு, பிறகு நிலத்துக்கடியில் வெட்டிய பங்கருக்குள் ஓடு என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பிள்ளை. மகன் என்று எழுதினால் பிள்ளைக்கு மனம் நோகும், மகள் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை, ஆகவே பிள்ளை என்றே எழுதுகிறேன். ஓவியமும் படப்பிடிப்பும் படிக்கிற என் பிள்ளை, போன மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய வீட்டின் விறாந்தையில், தன்னைப் போன்ற சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தது. ‘அம்மா, கட்டாயம் வாங்கோ’ என்று கேட்டது. போனேன். சுவரளவு பெரிய படம் ஒன்று. நேர் மேலிருந்து ட்ரோனால் எடுத்தது. பச்சை வயலுக்கு நடுவே வரம்பில் ஒரு ஆள் மல்லாந்து படுத்திருக்க, கட்டியிருந்த சிவப்புச் சீலையின் தலைப்பு ஒரு பாத்தி முழுக்க விரிந்து கிடந்தது. படுத்திருந்தது என் பிள்ளை. நான் எப்போதோ சாப்பாட்டு நேரத்தில் சொன்ன கதையை எடுத்துத்தான் அந்தப் படத்தைச் செய்திருந்தது. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். சீலையைக் கண்டதால் மட்டுமல்ல, அந்த உயரத்தைக் கண்டதாலும். இந்த உயரத்திலிருந்து எங்களைப் பார்த்தவன் எங்களுக்கு என்ன செய்தான் என்று தெரிந்த ஆள் நான். இந்தப் படத்தை யார் யார் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு என் பிள்ளையை என்ன செய்வார்கள் என்ற பயம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்தக் கதை தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணியில் நடந்தது. கிளிநொச்சிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தாயையும் மகனையும் அப்பா எங்கள் வளவின் ஓரத்தில் கொட்டில் போட்டு இருக்க விட்டிருந்தார். மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். தாயின் பெயர் பாக்கியம். புருசனை இழந்தவர், மங்கின சாம்பல் நிறச் சீலை தவிர வேறொன்றும் கட்டமாட்டார். மகன் முருகேசு, இருபத்தைந்து வயதிருக்கும், எங்கள் வயலில் கூலிக்கு நின்றார். என்னைப் ‘பாப்பா’ என்பார், நான் அண்ணை என்பேன். அவர்களுடைய ஆட்கள் மாசி மாதத்தில் காமன் கூத்து வைப்பார்கள் என்றும், அதில் ரதி வேசம் கட்டுவது முருகேசுதான் என்றும் பாக்கியம் பெருமையாகச் சொல்வார். “வயித்துல இருக்கப்பவே நேந்துக்கிட்டதும்மா. இவன் வேசம் கட்டி வந்தா பொம்பளைங்களே பொறாமப்படுவாங்க.” அந்த வருடம் மாசியில் கூத்து நடக்கவில்லை. ஆட்கள் திசைக்கொன்றாகச் சிதறியிருந்தார்கள்.

கொடிக் காவல்காரியான எனக்கு அந்தச் சிவப்புச் சீலையைத் தெரியும். கரை முழுவதும் மினுங்குகிற ‘சம்கி’ வட்டுகள் வைத்துத் தைத்திருந்த நைலெக்ஸ் சீலை. மாதத்தில் ஒருமுறையோ இருமுறையோ அது பின்கொடிக்கு வரும். அதன் மேல் பாக்கியத்தின் சாம்பல் சீலை விரிக்கப்பட்டிருக்கும். எங்கள் உள்ளுடுப்பை நாங்கள் மூடிப் போடுவதைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. “அந்தக் கொட்டில் பக்கம் போய் நிண்டு கதைக்காதை” என்று மட்டும் என்னிடம் சொன்னார். ஏன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அன்று காலை இரைச்சல் கேட்டபோது நான் முன்கொடித் துணிகளை இழுத்தெடுத்துக்கொண்டு ஓடினேன். சிவப்புதான் மூடியிருக்கிறதே என்று பின்கொடிக்குப் போகவில்லை. எல்லாரும் பங்கருக்குள் இருந்தோம். குண்டு வாய்க்கால் பாலத்தடியில் விழுந்தது. வெளியே வந்து பார்த்தால், கட்டையிலிருந்து அறுத்துக்கொண்டு வந்த பசுவொன்று பாக்கியத்தின் சாம்பல் சீலையை இழுத்து விழுத்தி, அதன் மேலேயே நின்று சப்பிக்கொண்டிருந்தது. சிவப்புச் சீலை கொடியில் தன்பாட்டில், காற்றுக்கு விரிந்து, சம்கி மினுங்க ஆடிக்கொண்டிருந்தது. பாலத்தடிக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அதைக் கண்டார்கள்.

பின்னேரம் சின்னத்துரையர் படலைக்கு வந்தார். எங்கள் வாய்க்கால் கமக்காரர் குழுவுக்கு அவர்தான் தலைவர். பாலத்தடியில் அவருடைய தம்பியாருக்குக் காலில் காயம். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேரே வந்திருந்தார், வேட்டியில் இரத்தம் காய்ந்திருந்தது. பின்னால் நாலைந்து இளந்தாரிகள்.

“தம்பி, உம்மடை வளவிலை சிவப்புச் சீலை காயேக்கை பொம்மர் வந்திருக்கு. அது ஆரின்ரை சீலை?”

அப்பா வாய் திறக்க முன் பாக்கியம் ஓடி வந்தார். “ஐயா, அது கூத்துச் சீலைங்க. எம் புள்ள மாசியில ரதி வேசம் கட்டுறது.”

“மாசியிலை. இப்ப என்ன மாசம்?”

பாக்கியம் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

“இந்த வருசம் உங்கடை கூத்தும் நடக்கேல்லை எண்டு கேள்வி. நடந்தாலும் அது மாசி. ஆவணியிலை அந்தச் சீலை ஏன் நனைஞ்சது?”

முருகேசு கொட்டில் வாசலில் நின்றார். “பூச்சி அரிக்குதுன்னு அலசிப் போட்டேனுங்க.”

“பூச்சி அரிச்சதை வெய்யிலிலை விரிச்செல்லோ போடவேணும்? தாயின்ரை சீலைக்குக் கீழை ஏன் ஒளிச்சனி? பிளேன் வரேக்கை மட்டும் அது எப்பிடி வெளியிலை வந்தது?”

மாடு என்று நான் சொன்னேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற ஒருவன், “என்ன ரதிதேவி, உன்ரை மன்மதன் இப்ப வானத்தாலையோ வாறவர்?” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். சின்னத்துரையர் சிரிக்கவில்லை. இயக்கத்தின் விசாரணைக்குக் கொண்டுபோகவேண்டும் என்றார். அப்படிக் கொண்டுபோன ஆட்களில் சிலர் மறுநாளே வந்தார்கள், சிலர் வரவில்லை. முருகேசுவுக்காகப் போய்க் கேட்க அந்த ஊரில் ஒரு சொந்தக்காரர் கிடையாது.

சின்னத்துரையரை முழுக்க முட்டாள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பயந்துபோன ஒரு ஊருக்கு எல்லாமே அடையாளமாகத்தான் தெரியும். கண்ணாடித் துண்டைக் கையில் வைத்திருந்த பொடியனையும் அடித்தார்கள், கூரைக்குப் புதுத் தகரம் போட்டவரையும் ஏசினார்கள். ஆனால் அதே ஊர், காற்சட்டையும் சேட்டும் போட்டு, தலைமயிரைக் கட்டையாக வெட்டி, இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் போன இயக்கத்துச் சீருடைப் பெண்பிள்ளைகளைக் கொஞ்சக் காலம் வாய்பிளந்து பார்த்துவிட்டுப் பழகிப்போனது. பெண் ஆணுடுப்புப் போட ஊர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்திருந்தது. ஆண் சீலை கட்ட அவர்களுக்குத் தெரிந்த ஒரே காரணம் மாசி மாதம்தான். வேறு மாதத்தில் கட்டினால் அவன் ஒற்றனாக இருக்கவேண்டும் என்று நினைத்தார்கள். முருகேசு கட்டினார், அவருக்குக் கட்ட விருப்பம் என்ற எளிய விடை அந்தப் படலையில் நின்ற ஒருவருடைய தலைக்குள்ளும் போகவில்லை. போயிருந்தால் அது ஒற்றனைவிட மோசமானதாகப் பட்டிருக்கும் என்றும் இப்போது நினைக்கிறேன்.

அம்மா குசினியிலிருந்து வந்தார். கையில் மா ஒட்டியிருந்தது.

“அண்ணை, அது என்ரை சீலை.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். சின்னத்துரையரும் பார்த்தார்.

“உம்மடையோ? அப்ப இவள் ஏன் கூத்துச் சீலை எண்டவள்?”

“வாற மாசிக்குக் கூத்து வைக்கப்போறம், ஒரு சிவப்புச் சீலை தாங்கோ எண்டு கேட்டவள். குடுத்தனான். கன காலம் பெட்டிக்குள்ளை கிடந்தபடியால் தோய்ச்சுப் போடச் சொன்னதும் நான்தான்.”

“ஒளிச்சுப் போடச் சொன்னதும் நீரோ?”

“நிறச் சீலையை வெளியிலை போடக்கூடாது எண்டு கூட்டம் வைச்சுச் சொன்னது ஆர் அண்ணை? நீங்கள்தானே? அதுதான் மேலாலை மங்கலைப் போட்டு மூடச் சொன்னனான். மாடு இழுத்ததுக்கு மாட்டைத்தான் விசாரிக்கவேணும்.”

இளந்தாரிகளில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். சின்னத்துரையர் கையை உயர்த்தி அவனை அடக்கினார். அம்மா சிவப்புச் சீலை கட்டி அவர் கண்டதில்லை; எவரும் கண்டதில்லை.

“சரி பிள்ளை. உம்மடை சீலைதானே. ஆவணிச் சதுர்த்திக்குப் பிள்ளையார் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு வாருமன், பாப்பம்.”

அவர் நம்பவில்லை என்பது எல்லாருக்கும் விளங்கியது. அம்மாவுக்கும்தான். “ஏன் வராமல்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே போனதும் அப்பா, “உனக்கென்ன விசரோ?” என்று கேட்க, “எனக்கும் அவன்ரை கதை ஒண்டும் விளங்கேல்லை. விளங்கவும் வேண்டாம். எங்கடை வளவிலை இருக்கிற ஆளைக் காட்டிக் குடுக்கேலாது” என்றார். அன்று முதல் நான் அம்மாவுக்குப் பக்கத்தில் படுக்கவேண்டும் என்று புதுச் சட்டமும் வந்தது. அம்மா காப்பாற்றவும் செய்தார், சந்தேகப்படவும் செய்தார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு ஒரு கரைச்சலும் இருந்ததாகத் தெரியவில்லை.

சீலையைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு வேறொரு கரைச்சல் தெரிந்தது. “இவ்வளவு சம்கியோடை நான் போனால் பிள்ளையாரே எழும்பிச் சிரிப்பார்.” ஆகவே சம்கியை வெட்டவேண்டியிருந்தது. அதைத் தைத்தவரே வெட்டினார். கொட்டில் நிழலில் இருந்து, சவர அலகால் நூலைத் தட்டி, ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டுக்கொண்டிருந்தார் முருகேசு. அம்மா வீட்டின் பின்கோடியில் நெல்லுக் காயப்போட்டபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் என்னை அவருக்குப் பக்கத்தில் இருக்க விட்டார். நான் மெதுவாக, “ஆவணியிலை ஏன் அண்ணை நனைஞ்சது?” என்று கேட்டேன். சின்னத்துரையர் கேட்ட அதே கேள்வி. ஆனால் எனக்கு உண்மையாகவே அறிய ஆசை.

“கட்டுனா வேர்க்கும் பாப்பா. வேர்த்தா அலசணுமில்ல?” என்றார். அலகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகத்தில் வெட்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சோறு தின்றால் கோப்பை கழுவவேண்டும் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

சதுர்த்தியன்று அம்மாவிடம் அதற்குப் பொருந்துகிற சட்டை இல்லை. கறுப்புச் சட்டையைப் போட்டுச் சீலையைக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். வேலியோரம் நின்ற முருகேசு, “கொசுவத்தக் கொஞ்சம் ஏத்திப் புடிங்கம்மா, நைலெக்ஸு, கால்ல தட்டும்” என்றார். “நீ எனக்குச் சீலை கட்டப் பழக்கிறியோ?” என்று அம்மா சீறினார். பத்தடி போனதும் கொசுவத்தை ஏற்றிப் பிடித்தார். கோயிலில் பெண்கள் தலைப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சம்கி வெட்டிய இடமெல்லாம் ஊசித் துளை வரிவரியாகத் தெரிந்தது. அதென்னடி என்று ஒருத்தி கேட்க, “பூச்சி” என்றார் அம்மா. சின்னத்துரையர் அந்தத் துளைகளை நெடுநேரம் பார்த்தார். கடைசியில், “உமக்கு வடிவாத்தான் கிடக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரணைக்கு யாரும் வரவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் என் பிள்ளைக்கு நான் அதை ஒரு நல்ல கதையாகச் சொல்லியிருப்பேன். கோயிலால் வந்த அம்மா சீலையை மடித்து றங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். ஊரறிய அது அம்மாவின் சீலை. இனி அது முருகேசுவின் உடம்பில் தெரிந்தால் அம்மா பொய்க்காரி. கொஞ்ச நாள் கழித்துப் பாக்கியம் குசினி வாசலில் வந்து நின்று, “அம்மா, அந்தச் சீல…” என்று இழுத்தார். அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே, “எந்தச் சீலை?” என்று கேட்டார். பாக்கியம் திரும்பிப் போய்விட்டார். முருகேசு ஒருநாளும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அவர்கள் செட்டிகுளம் பக்கம் யாரோ உறவினர் இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டபோதும் கேட்கவில்லை. அவர் எங்கள் வளவில் இருந்த அந்தக் கடைசி மாதங்களில் அவருடையதென்று முன்கொடியில் சேட்டும் சாரமும் மட்டும்தான் காய்ந்தன. என்னோடு பகிடி விட்டுச் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். மெலிந்தும் போனார். இதை அன்று நான் கவனித்தேனா, இன்று சேர்த்துக்கொள்கிறேனா என்று எனக்கே சந்தேகம்.

அம்மா சாவதற்குச் சில வருடம் முன்பு ஒருமுறை கேட்டேன், அந்தச் சீலையைத் திருப்பிக் குடுத்திருக்கலாமே என்று. “ஆளைக் குடுக்காமல் விட்டனான். அது காணாதோ?” என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

அந்த றங்குப் பெட்டி கடைசி இடப்பெயர்வில் எங்கேயோ நின்றுவிட்டது. பனங்காயில் உடுப்புத் தோய்க்கிறவர்கள் இன்று இல்லை. மாடு உடுப்பைத் தின்னும் என்றால் என் பிள்ளையின் சிநேகிதர்கள் நம்புகிறார்களில்லை. சின்னத்துரையரும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மனம் அவரைத் தேடுகிறது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். அவர் தன் சந்தேகத்தைப் படலைக்குக் கொண்டுவந்து, எங்கள் முகத்தைப் பார்த்து, வாயால் கேட்டார். கேட்டபடியால்தான் அம்மாவால் ஒரு பதில் சொல்ல முடிந்தது. கண்காட்சிக்குப் போன நானும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: ‘இது கூத்துக்கு எடுத்த படம்.’ ஒருவரும் கேட்கவில்லை. வந்தார்கள், ஃபோனை உயர்த்தினார்கள், படத்தையும் பிள்ளையையும் எடுத்தார்கள், போனார்கள். நீலச் சேட்டுப் போட்ட ஒருவர் மூன்றாம் முறையும் எடுக்க வந்தபோது நான் போய்க் குறுக்கே நின்றேன். அவர் கலையை விரும்புகிறவராகவே இருக்கலாம். அவர் எடுத்த படம் இப்போது எந்த வீட்டுக்குள், என்ன பெயரோடு கிடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று பின்னேரம் கிளிநொச்சி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்தது. பிள்ளை அன்று பச்சைக் கைத்தறிச் சீலையை ஒரு வெள்ளைச் சேட்டுக்கு மேல் கட்டியிருந்தது. கையில் காற்சட்டை இருந்த பையோடு என்னிடம் வந்து, “அம்மா, மாத்திக்கொண்டு வரட்டோ?” என்று கேட்டது. வெளியே, ஒழுங்கை முடிவில், குளிர்பானக் கடையடியில் மோட்டார் சைக்கிள்களில் பொடியங்கள் நின்றார்கள். ‘ஓம், மாத்து’ என்பதுதான் என் வாய்க்குள் முதலில் வந்தது. கண்ணுக்குள் நிறையப் பயத்தை வைத்துக்கொண்டு கேட்கிற அந்த முகத்தைப் பார்த்தேன். ஆளைக் காப்பாற்றிக்கொண்டு உடுப்பைப் பூட்டி வைக்கும் வேலை எனக்கும் நன்றாக வரும் என்பது அப்போதுதான் விளங்கியது.

“வேண்டாம். இப்பிடியே வா. ஆனால் நான் முன்னாலை போவன்.”

“பக்கத்திலை வரட்டோ?”

“சரி, பக்கத்திலை.”

கடையடியைத் தாண்டும்போது ஒருவன் மற்றவனின் காதுக்குள் ஏதோ சொன்னான், மற்றவன் சிரித்தான். நான் நின்றேன். பிள்ளை என் கையை இழுத்தது. “என்ன தம்பி, என்னவோ கேக்கவேணும் போலை கிடக்கு. கேளும், சொல்லுறன்” என்றேன்.

“ஒண்டுமில்லை அன்ரி” என்று சொல்லிவிட்டு அவன் ஃபோனைப் பார்த்தான். கடைக்கு எதிரே பஸ் வந்து, ஏறி, சீற்றில் இருக்கும்வரை நான் ஃபோன் பிடித்த அவனுடைய அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.